ஓடையோர ஈரத்தில் எந்தச் செம்பருத்தி வைக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் சரிவு முடிகிற இடத்தில், ஓடை ஓரமாக எப்போதும் ஈரம். சாமிக்கென்று சிவப்புச் செம்பருத்தி வைத்தேன், இரண்டு தடவையும் வேர் அழுகிவிட்டது. மண் கொட்டி மேடாக்கட்டுமா?"

வேண்டாம் அக்கா. மழைத் தண்ணீர் வந்து நின்று மெதுவாக இறங்குகிற இடம் அது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் யார் மறப்பார்கள்? 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தண்ணீர் நிற்கிற கொஞ்ச இடத்தையும் மூடினால், அது கீழ்வீட்டுக்குள்தான் போகும்.

உங்கள் கைராசியில் குறையில்லை. சிவப்புச் செம்பருத்திக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. ஆனால் அதன் பங்காளி ஒன்று குவாசுலு-நட்டால் கடலோரச் சதுப்பில் தானாகவே வளர்கிறது. நர்சரியில் 'ஹைபிஸ்கஸ் டைவர்சிஃபோலியஸ்' என்று முழுப்பெயரும் சொல்லிக் கேளுங்கள். வெளிர் மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. ஆள் உயரத்தையும் தாண்டும். தண்டெல்லாம் முள், அதனால் பிள்ளைகள் ஓடுகிற வழியில் வேண்டாம்.

விதைக்காயை வெறுங்கையால் தொடாதீர்கள். மேலே முழுக்கச் சுணை. விரலில் ஏறினால் குத்திக்கொண்டே இருக்கும். விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். நாம் புரட்டாசி விரதம் தொடங்குகிற சமயம்தான் இங்கே வசந்தம், விதைக்க அதுவே நல்ல நேரம். தண்டை வெட்டி நட்டாலும் வரும். ஓடைக்கரையில் நிற்கிற செடியை மட்டும் பிடுங்கி வராதீர்கள்.

நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து, செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் விடுங்கள். உரம் தேவையில்லை. குளிர் முடிகிற ஆகஸ்டில் பாதிக்கு வெட்டிவிட்டால் அடர்த்தியாகத் தழைக்கும்.

அப்புறம், அங்கே கல்வாழை இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் அது ஆக்கிரமிப்புச் செடி. கிழங்கை ஓடையில் வீசிவிடாதீர்கள், தண்ணீரோடு போய்க் கீழே முளைத்துவிடும். அந்த இடத்தில் வெள்ளை ஆரம் லில்லி வையுங்கள். இந்த மண்ணின் பூ, ஈரத்திலேயே கிடக்கும்.

சாமிக்கு வேண்டுமென்றால் இந்த மஞ்சள் செம்பருத்தியைக் காலையிலேயே பறித்துவிடுங்கள், பூ ஒரு நாள்தான் நிற்கும். முள் இருப்பதால் கத்தரிக்கோல் எடுத்துப் போங்கள் அக்கா.