ரிப்போர்ட்ல இருக்கிற '9;22' என்ன?

அடுத்த கேள்வி ஒரு தம்பி அனுப்பினது. அவங்கப்பாவுக்கு சிஎம்எல், நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. ரிப்போர்ட்ல 'பிலடெல்பியா பாசிட்டிவ், 9;22'ன்னு போட்டிருக்காம். "இது என்ன ஊர் பேரு சார்? பரம்பரையா எனக்கும் வருமா?"ன்னு கேக்கறார்.

பயத்துக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அப்படி வராது தம்பி. அப்பாவோட எலும்பு மஜ்ஜையில ஏதோ ஒரு செல்லுல பிற்பாடு நடந்த கோளாறு அது. பிறவியிலயே வந்ததில்ல, பிள்ளைங்களுக்குப் போறதுமில்ல.

ஊர் பேருதான். 1960ல பிலடெல்பியாவுல பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட்னு ரெண்டு பேர், இந்த நோயாளிங்க செல்லுல ஒரு குட்டிக் குரோமோசோமைப் பார்த்தாங்க. குரோமோசோம்னா செல்லுக்குள்ள ஜீன்களைச் சுமக்கற நூல் மாதிரி ஒண்ணு, மொத்தம் 46, ஜோடி ஜோடியா இருக்கும், ஜோடிக்கு ஒரு நம்பர். இந்தக் குட்டியை இப்ப 22ன்னு சொல்றோம். வால் அறுந்த பல்லி மாதிரி இருந்துச்சு. வால் எங்க போச்சுன்னு பன்னெண்டு வருஷம் யாருக்கும் தெரியல.

கண்டுபிடிச்சது சிகாகோவுல ஜேனட் ரௌலி. இந்தம்மா கதைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், எனக்கு அவ்வளவு பிடிக்கும். மருத்துவப் படிப்புக்குப் போனப்ப, 65 இடத்துல பொண்ணுங்களுக்கு மூணுதான், அது நிரம்பிடுச்சு, அடுத்த தடவை வான்னு சொல்லிட்டாங்க. காத்திருந்து படிச்சு 1948ல டாக்டர் ஆனாங்க, மறுநாளே கல்யாணம். நாலு பசங்க. ரொம்ப வருஷம் வாரத்துல மூணு நாள் கணக்குலதான் வேலை. 1962ல ஆக்ஸ்ஃபோர்ட்லேர்ந்து திரும்பினதும் சிகாகோவுல புற்றுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைத் தலைவரா இருந்த லியோன் ஜேக்கப்சன்கிட்ட போய்க் கேட்டது இவ்வளவுதான்: ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இருட்டறை, அப்புறம் பசங்களைப் பார்த்துக்கற ஆளுக்குக் கொடுக்கற அளவுக்காவது சம்பளம்.

1970ல மறுபடி ஆக்ஸ்ஃபோர்ட் போனப்ப புதுசா ஒரு வித்தை கத்துக்கிட்டாங்க. சாயம் ஏத்தினா ஒவ்வொரு குரோமோசோமும் அதுக்குன்னு இருக்கற பட்டைகளோட தெரியும், சோப்பு டப்பாவுல பார்கோடு மாதிரி. போட்டோ பிரிண்ட்டை வீட்டுக்குக் கொண்டாந்து, கத்தரிச்சு, சாப்பாட்டு மேஜையில ஜோடி ஜோடியா அடுக்குவாங்க. அம்மா காகிதப் பொம்மை வெச்சு விளையாடறாங்கன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்களாம்.

நானும் லேப்ல அந்த வேலை பார்த்தவன். ஃபேனை நிறுத்திட்டுத்தான் உக்காரணும், இல்லன்னா 46 துண்டும் பறந்துடும். 21ஐயும் 22ஐயும் மாத்தி ஒட்டிட்டு சீஃப்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். அந்த மேஜையில என்ன பொறுமை வேணும்னு அதனால தெரியும்.

1972ல அந்த மேஜையிலதான் சிக்குச்சு. 22 எங்கெல்லாம் குட்டையோ, அங்கெல்லாம் 9 கொஞ்சம் நீளம். வால் தொலையவே இல்ல, 9ல போய் ஒட்டியிருக்கு! 1973ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. உங்கப்பா ரிப்போர்ட்ல இருக்கற 9;22 இதுதான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வேற ஒரு ரத்தப் புற்றுநோய்ல 8ம் 21ம் துண்டை மாத்திக்கிட்டதையும் பார்த்திருந்தாங்க.

நிறைய பேர் நம்பல. கேன்சர் வந்ததால குரோமோசோம் கலைஞ்சிருக்கும், இதனால கேன்சர் வருமான்னாங்க. இந்தம்மா சண்டைக்குப் போகல, இன்னும் இன்னும் வெட்டி அடுக்கினாங்க. 1977ல இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்ல 15;17. அப்புறம் லிம்போமா, அதாவது கழுத்து, அக்குள்ல நெறி கட்டற மாதிரி ஆரம்பிக்கற நிணநீர்ப் புற்றுநோய், அதுல ஒரு வகையில 14;18. நோய்க்கு நோய் ஜோடி மாறுது, ஒரே நோய்ல திரும்பத் திரும்ப அதே ஜோடி. தற்செயலா கலைஞ்சதுன்னா எப்படி ஒரே மாதிரி கலையும்?

9ம் 22ம் ஒட்டின இடத்துல ரெண்டு ஜீன் சேர்ந்து அணையவே அணையாத ஒரு நொதியை உண்டாக்குதுன்னு 80கள்ல தெரிஞ்சுச்சு. அந்த நொதியை அடைக்கற மாத்திரைதான் இமாட்டினிப், 2001ல அமெரிக்காவுல அனுமதி. அதுக்கு இங்க காப்புரிமை கேட்டப்ப முதல்ல மறுத்தது நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம், 2006ல. 2013ல உச்ச நீதிமன்றமும் மறுத்துடுச்சு. நம்ம ஊர்க் கம்பெனிங்க குறைஞ்ச விலையில போட முடியறது அதனாலதான். அதே வருஷக் கடைசியிலதான் ரௌலி இறந்தாங்க, 88 வயசு.

தம்பி, உங்களுக்கு எந்த டெஸ்டும் இதுக்காக வேண்டாம். அப்பாவுக்கு நல்லா இருக்குன்னு தோணினாலும் டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரத்தத்துல அந்த ஒட்டின ஜீன் எவ்வளவு மிச்சமிருக்குன்னு பார்க்கற பிசிஆர் டெஸ்டுக்குக் கொடுத்த தேதியையும் விட்டுடாதீங்க. அடுத்த கேள்வி...