வேண்டாம் என்று சொல்லும் பலம்

(இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் கமக்காரரும் உயர்தர மாணவரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே,

சந்தைப் பொருளாதாரம் நல்லதா கெட்டதா என்று வேறு ஊர்களில் பட்டிமன்றம் வைக்கலாம். போர் நடந்த இந்த வன்னி மண்ணில் அப்படிக் கேட்க முடியாது. சந்தை அடைபட்டால் வாழ்க்கை என்னவாகும் என்று பார்த்த சனம் நாங்கள். போர்க்காலத்தில், 1990இல், அரசாங்கம் வடக்கின் மேல் போட்ட பொருளாதாரத் தடையை முன்வரிசையில் இருக்கிற அம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, பற்றரி இல்லை, யூரியா இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். 2002இல் போர்நிறுத்தத்தோடு, வடக்கைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை திறந்தது. லொறிகள் வந்தன, கடைகள் நிரம்பின. விற்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இருந்தது. நடுவில் கிடந்த தடைதான் விலகியது. அதனால், வியாபாரம் என்றாலே சுரண்டல்தான் என்று யாராவது மேடையில் முழங்கினால் என்னால் கைதட்ட முடியாது.

அரசாங்கம் எல்லாவற்றையும் தீர்மானித்தால் நீதி வந்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு பசளை வேண்டும் என்று வயற்காரனுக்குத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை. தடையை அதே ஆண்டு நவம்பரில் விலக்கினார்கள். அதற்குள் பயிர் மஞ்சளித்துப் போயிருந்தது.

இனி மற்றப் பக்கத்தைக் கதைப்போம். பொருளியல் படிக்கிற பிள்ளைகளே, கேள்விக் கோடும் நிரம்பல் கோடும் வெட்டுகிற இடம் சமநிலை விலை என்று கொப்பியில் கீறியிருப்பீர்கள். மாசி மாதம் ஒரு வயற்கரைக்கு வந்து பாருங்கள். அறுவடை மெசின் நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டது. நெல் ஈரம். வானம் கறுத்திருக்கிறது. மெசின் கூலி இன்றைக்கே கொடுக்க வேண்டும், உழவு மிசினின் லீசிங் காசு மாத முடிவில். வரம்போரம் யாவாரியின் லொறி நிற்கிறது.

"என்ன தம்பி, நேற்றுக் கூடச் சொன்னியள்?"

"அது நேற்று ஐயா. இண்டைக்கு மில்லில எடுக்கிறாங்கள் இல்லை."

மூடைக்கு இவ்வளவு ஈரக் கழிவு, சாக்குக்கு இவ்வளவு என்று தராசடியிலேயே இன்னும் கொஞ்சம் போகும். ஐயா தலையாட்டுவார். இருவரும் உடன்பட்ட விலை என்று கணக்கில் எழுதலாம். ஆனால் அந்தத் தம்பிக்கு இந்த நெல் சரிவராவிட்டால் பக்கத்து வயல் இருக்கிறது. ஐயாவுக்கு இன்றிரவு மழை பெய்தால் நெல் முளைத்துவிடும். ஒருவரால் வேண்டாம் என்று சொல்ல முடியும், மற்றவரால் முடியாது. அந்த இடத்தில் நடப்பதைச் சுதந்திரமான கொடுக்கல் வாங்கல் என்று நான் ஏற்கமாட்டேன். யாவாரி கெட்டவன் என்பதும் என் வாதமல்ல. அவனும் மில்காரனின் முற்பணத்தில் ஓடுகிறவன்தான். அதே ஐயாவிடம் நெல் காயப்போட ஒரு தளமும், இரண்டு மாதம் வைத்திருக்க ஒரு களஞ்சியமும், அதுவரை கைச்செலவுக்கு நியாய வட்டியில் கொஞ்சக் காசும் இருந்திருந்தால், அந்தத் தம்பியே வேறு விலை சொல்லியிருப்பான். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபையின் உத்தரவாத விலை கடதாசியில் இருக்கிறது. உலர்ந்த நெல்லுக்குத்தான் அந்த விலை. காயப்போட இடமில்லாமல்தானே தார் றோட்டில் நெல்லைப் பரப்புகிறோம்.

இரக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். விழுந்தவனுக்குப் பிறகு கொடுக்கிற நிவாரணப் பொதி வேறு. ஒருவன் சந்தைக்குள் போகும்போதே, பிடிக்காவிட்டால் எழுந்து வரக்கூடிய நிலையில் அவனை வைத்திருப்பதுதான் பெரிய இரக்கம்.

நுண்கடனைப் பாருங்கள். போருக்குப் பிறகு கடன்காரர் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். தையல் மெசின் வாங்கி, கோழி வளர்த்து நிமிர்ந்த பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் புருசனை இழந்து, பிள்ளையின் பசிக்கு இன்றைக்கே காசு தேவைப்பட்டவள் வட்டி எத்தனை வீதம் என்று பேரம் பேசுவாளா? கிழமைக் காசு கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஆண்டு வட்டி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய வங்கியும் வரம்பு போட்டது. 35 வீதம் உச்சவரம்பு என்றால், முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நாடு இறக்குமதியைத் திறந்துவிட்ட 1977ஐயும் பேசத்தான் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்கள் காடு வெட்டி, மிளகாய் நட்டு, தலைநிமிர்ந்து வாழ்ந்தார்கள். அதே காலத்தில் நாட்டில் பாணுக்கு வரிசை. அரிசியை இடம் விட்டு இடம் கொண்டுபோகத் தடை. பொருளாதாரம் திறந்ததும் கடைகள் நிரம்பின, வெளிநாட்டு மிளகாயும் வந்து இறங்கியது. வாங்கினவருக்கு ஆறுதல், நட்டவருக்கு அடி. திறந்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அடி விழப்போகிறவர்கள் யார் என்று தெரிந்திருந்தும், அவர்கள் வேறு பயிருக்கு மாறக் கைகொடுக்கவில்லையே, அதுதான் என் மனவருத்தம்.

சந்தைக்குள் விடவே கூடாத பொருட்களும் உண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை, மழை குறைந்த சிறுபோகத்தில் ஏலம் போட்டுப் பாருங்கள்! காசுள்ளவன் முழுவதையும் எடுத்துவிடுவான். நாங்கள் கூட்டம் வைத்து, குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர் என்று பங்கிடுகிறோம். சண்டை வருகிறது, குறைகள் நிறைய. ஆனாலும் தண்ணீரைக் காசு தீர்மானிக்கவில்லை. விளைந்த நெல்லை விற்கப் போகும்போது விலை பேசுங்கள், அது உங்கள் உரிமை.

2009இல், போரின் கடைசி மாதங்களைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு முடியாது. சனம் அடைபட்டுக் கிடந்த அந்தக் கடற்கரைத் துண்டில் சீனியும் பால்மாவும் ஏழை நெருங்க முடியாத விலைக்குப் போயின. அதே மணலில்தான் அண்டாவில் கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். யாரிடமும் காசு கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பீர்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது இந்த நாடு சுதந்திரம்கூட அடையவில்லை, பணக்கார நாடாகவும் இருக்கவில்லை. அந்தக் கல்வியால்தான் கூலிக்காரன் பிள்ளை, அப்பன் வேலை செய்த முதலாளியிடமே போகாமல் வேறு வேலை தேட முடிந்தது. உலர்தளம் அதைவிட மிகச் சிறிய செலவு.

மாசியில் வருகிற காலபோக அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். மேட்டு வளவில் பொதுத்தளம் போட இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பெயர் கொடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய களஞ்சியங்களில் எவை கூரை மாற்றினால் பாவிக்கலாம் என்று உயர்தரப் பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுதித் தரட்டும். நானும் கூட வருகிறேன்.