வேட்டியில் விட்டுக்கொண்ட ஓணான்

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், சுகர்லாண்ட், பேர்லண்ட், கேட்டி என்று ஹூஸ்டனின் நாலா திசையிலிருந்தும் பொங்கலுக்கு வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். பன்னிரண்டு நிமிடப் பேச்சில் நான்கு நிமிடத்தை வணக்கத்துக்கே செலவழிக்கும் பழக்கம் எனக்கில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கம்பெனி கூடாது என்று சொன்னாலும் தற்காப்புக்காகத் துப்பாக்கியை மறைத்து வேலைக்குக் கொண்டு போகலாம் என்கிறது எதிரணி. கூடாது என்றால் கூடாதுதான் என்கிறோம் நாங்கள். எதிரணித் தலைவர் இப்போதுதான் ஒரு குத்து விட்டுப் போனார். "திருடன் கடைக்குள் நுழைந்தால் இந்த அணிக்காரர்கள் எச்.ஆர். என்கிற மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்" என்றார். அரங்கமே கைதட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் கைதட்டினார். அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

ஆமாம் அண்ணா, அனுப்புவேன்! எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் என்ன நடக்கும் என்று அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். என் அலுவலக நாற்காலியின் கைப்பிடி ஒருமுறை உடைந்துவிட்டது. எழுதினேன். உடனே ஒரு எண் வந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் இன்னொரு எண் வந்தது. பிறகு ஒரு படிவம் வந்தது: கைப்பிடி இடதா, வலதா? உடைந்தபோது நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா, நின்றுகொண்டிருந்தீர்களா? கடைசியில் நாற்காலி வரவில்லை, "உங்கள் பிரச்சினை தீர்ந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்" என்ற கேள்விதான் வந்தது. திருடனையும் இந்த வரிசையில் நிற்க வையுங்கள் நடுவர் அவர்களே! "ஐயா, உங்கள் கொள்ளைக்கு எண் கொடுத்திருக்கிறோம், காத்திருங்கள்" என்று சொல்லுங்கள். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போய்விடுவான்.

சரி, எதிரணியின் ஆசையே நிறைவேறட்டும். அலுவலகத்தில் எல்லோர் இடுப்பிலும் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாதம். சம்பள உயர்வு பேசும் அறை. கதவு சாத்தியிருக்கிறது. ஒரு பக்கம் மேலாளர், மறுபக்கம் நம் ஆள். "இந்த ஆண்டு உங்கள் உழைப்பு பிரமாதம். ஆனால்..." என்று மேலாளர் ஆரம்பிக்கிறார். அந்த 'ஆனால்' காதில் விழுந்ததும் நம் ஆளுக்கு வியர்க்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காக இடுப்புப் பக்கம் கையைக் கொண்டு போகிறார். மேலாளர் அந்தக் கையைப் பார்க்கிறார். கை இன்னும் கொஞ்சம் கீழே போகிறது. "ஆனால், இரண்டு சதவீதம் உங்களுக்குப் போதாது, எட்டாகப் போட்டுவிடுகிறேன்!" என்கிறார் மேலாளர்.

அதோ, எதிரணித் தலைவர் அவசரமாகக் குறித்துக்கொள்கிறார். துப்பாக்கி இருந்தால் சம்பளம் உயரும் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டது என்று சொல்லப்போகிறார். பேனாவைக் கீழே வையுங்கள் அண்ணா. மேலாளர் இடுப்பிலும் ஒன்று இருக்கிறதே! அவர் கை மேசைக்கு அடியில் போனால் நம் ஆள், "இரண்டே அதிகம் சார், ஒன்றாக்குங்கள்" என்பார். மறைத்து வைத்திருப்பதில் இதுதான் சிக்கல். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாத இடத்தில், கைக்குட்டை எடுப்பவனும் கொலைகாரனாகத் தெரிவான்.

இன்னொன்று. இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இந்தத் தலைப்பே பொருந்தாது. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் மாதிரி விதிவிலக்கு ஏதும் இல்லையென்றால், துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தக் கார்டு என்றைக்கு வரும்? கார்டு கைக்கு வரும்போது, குறி பார்க்கக் கண்ணும் தெரியாது, விசையை அழுத்த விரலும் நிற்காது. எதிரணித் தலைவருக்குக் கார்டு வந்துவிட்டது. அதனால்தான் இத்தனை வீரம்.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், இருபத்தொரு வயது நிரம்பியவர், வேறு தடை ஏதும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் தன் இடத்தில் கூடாது என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. அதற்கான அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல உயர எழுத்தில் எழுதவேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது. தமிழில் எழுதவில்லை, அதனால் எனக்குப் புரியவில்லை என்று எதிரணி வாதாடாமல் இருந்தால் சரி. 2011இல் வந்த இன்னொரு சட்டம், சில விதிவிலக்குகளோடு, ஊழியர் தன் காரில் பூட்டி வைத்துக்கொள்வதைக் கம்பெனி தடுக்கக்கூடாது என்கிறது. கார் வரைக்கும் உனக்கு, கதவுக்கு உள்ளே கம்பெனிக்கு. துப்பாக்கிக்காரர்களின் மாநிலம் என்று பெயரெடுத்த டெக்சஸே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டத்தான் இவர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள்.

"பயிற்சி இருந்தால் பயம் எதற்கு?" என்று கேட்டார் அந்த அணியின் அக்கா. நல்ல கேள்வி. அக்கா, உங்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, காணொளியே இருக்கிறது.

2018 ஜூன் மாதம். டென்வர் நகரில் ஒரு மதுக்கூடம். நள்ளிரவு தாண்டிவிட்டது, பாட்டு ஓடுகிறது. ஒரு இளைஞர் நடுவில் ஆடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடுகிறார். சுற்றி வட்டமாக நின்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டல் இருக்கிறதே நடுவர் அவர்களே, அது பொல்லாதது. எத்தனை பேச்சாளர்களை அது கெடுத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டார். கால் மேலே, தலை கீழே. அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. கைபேசி இல்லை, சாவிக்கொத்து இல்லை. துப்பாக்கி!

விழுந்ததோடு விட்டிருந்தால் பிழைத்தது. பாய்ந்து எடுத்தார். எடுக்கிற வேகத்தில் அது வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் காலில் குண்டு பாய்ந்தது. நம் ஆட்டக்காரர் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கியைப் பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நடந்து போனார்.

அவர் யார்? எஃப்.பி.ஐ. அதிகாரி! அன்று பணியில் இல்லை, அவ்வளவுதான். பயிற்சி போதுமா அக்கா?

இதே கதையைச் சுடப்பட்டவர் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். வார இறுதி. நண்பர்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒருவர் ஆடுகிறார். இவரும் ரசித்திருப்பார். யார் கண்டது, ஒருவேளை இவரும் கைதட்டியிருப்பார். அடுத்த நொடி காலில் குண்டு. மருத்துவமனையில் கேட்டிருப்பார்கள்: "கொள்ளையா?" இல்லை. "சண்டையா?" இல்லை. "பிறகு எப்படி?" குட்டிக்கரணம்! உலகத்தில் குட்டிக்கரணத்தால் கரணம் போட்டவனுக்கு அடிபட்டுப் பார்த்திருக்கிறோம், பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அடிபட்டுக் கேள்விப்பட்டிருக்கிறோமா? அந்த அதிகாரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு கொடுத்தார்கள்.

இது ஒரு தனி ஆள் என்பீர்கள். 2004இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுத்தார். இந்த அறையில் இதைக் கையாளும் தகுதி எனக்கு மட்டும்தான் என்று சொன்னார். சொல்லி முடித்த சூட்டோடு தன் காலிலேயே சுட்டுக்கொண்டார். பாதுகாப்பு வகுப்பு! அந்தப் பிள்ளைகள் பாடத்தை வாழ்நாளில் மறந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துகிறதே, குடைகிறதே என்றானாம் ஒருவன். எங்கள் ஊர்க்காரர்கள் துப்பாக்கி உறையைப் பார்த்ததில்லை, ஆனால் எவ்வளவு சரியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்!

சிரித்தது போதும். எதிரணித் தலைவர் கில்லீன் சம்பவத்தைச் சொன்னபோது அரங்கம் அமைதியானது, நானும் அமைதியானேன். 1991 அக்டோபர் 16, நம் டெக்சஸில், லூபீஸ் உணவகத்தில் ஒருவன் சுட்டு 23 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே சாப்பிட வந்திருந்த சூசானா ஹப் தன் துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தாயையும் தந்தையையும் பறிகொடுத்தார். பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமைக்காகத் தொடர்ந்து பேசினார். அந்தப் பெண்மணியின் வலியை மேடை வாதத்தால் தள்ளிவிடும் துணிச்சல் எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று அவர் கையைக் கட்டியது கம்பெனி விதி அல்ல, மறைத்து எடுத்துச் செல்வதையே தடுத்த மாநிலச் சட்டம். அந்தச் சட்டம் 1995இல் மாறிவிட்டது. அதைக் கொண்டுவந்து கம்பெனி வாசலில் நிறுத்துவது நியாயமில்லை.

மிஷிகனில் 2011இல் ஒரு மருந்துக்கடையில் நடந்ததையும் சொன்னார்கள். நள்ளிரவுப் பணி. முகமூடிக் கொள்ளையர்கள் வந்தார்கள். மருந்தாளுநர் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டு விரட்டினார். கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது, வழக்கிலும் அவர் தோற்றார். நான் முதலாளியாக இருந்தால் அவரை நீக்கியிருக்க மாட்டேன், இதை என் அணித் தலைவர் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கதையின் முதல் பாதியை எதிரணி விட்டுவிட்டது. முன்பே ஒரு கொள்ளை நடந்து, பாதுகாப்பை அதிகப்படுத்துங்கள் என்று அவர் கேட்டிருந்தார். எங்கள் அணி கேட்பது அதைத்தான்! காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது யார்? கண்ணாடித் தடுப்பு போட வேண்டியது யார்? முதலாளி. நீங்கள் உங்கள் காசில் துப்பாக்கி வாங்கி, உங்கள் உயிரைப் பணயம் வைத்து, அவருடைய கல்லாவைக் காப்பாற்றினால், அவருக்குக் காவலாளிச் செலவு மிச்சம். கூடவே, விதியை மீறினாய் என்று உங்களை அனுப்பவும் வசதி. இப்படிப்பட்ட இலவசச் சேவைக்கு வாதாடவா பட்டிமன்றம்?

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். திருநெல்வேலிப் பக்கம். வந்த புதிதில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் இரவு வேலை. கேட்டால் கொடுத்துவிடு, எதிர்க்காதே, ஆயுதம் கொண்டு வராதே என்பது கடைக்காரர் போட்ட விதி. ஒரு ஜனவரி மாதம், விடியற்காலை மூன்று மணி. தலையை மூடிய மேலங்கியோடு ஒரு பையன் வந்தான். துப்பாக்கியை நீட்டினான். இவர் கல்லாவைத் திறந்து நோட்டுகளை எடுத்து வைத்தார். அவன் பின்னால் இருந்த சிகரெட் அடுக்கைக் காட்டினான். இவர் பழக்கதோஷத்தில், "எது வேண்டும்?" என்று கேட்டாராம்! துப்பாக்கி முனையில் வாடிக்கையாளர் சேவை. அவனும் ஒரு நொடி திகைத்து, பிறகு பெயரைச் சொன்னானாம். எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

கடைக்காரருக்கும் போலீசுக்கும் சொன்னார். போலீஸ் வருவதற்குள் கை நடுங்க ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே மதியம் இரண்டரை மணி, அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரம். "என்னப்பா இந்த நேரத்தில்?" என்றார் அம்மா. இவருக்குப் பேச்சு வரவில்லை. "சும்மாதான் அம்மா. என்ன குழம்பு?" என்று கேட்டார். "சுண்டைக்காய் வற்றல் குழம்பு. உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?" "குளிர் அம்மா. சளி." "நல்ல மிளகு தட்டிப்போட்டு ரசம் வைத்துக் குடி. அங்கே மிளகு கிடைக்கிறதா?" கிடைக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு, கல்லா மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

அன்று அவர் இடுப்பிலும் ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஜெயித்திருப்பார் என்பீர்கள் அண்ணா. இருக்கலாம். பத்தில் ஒன்பது முறை ஜெயிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்கை நான் உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். அந்தப் பத்தாவது முறைக்கான தொலைபேசி அழைப்பை அந்த வீட்டுக்கு யார் செய்வது? நீங்கள் செய்வீர்களா? என்னால் முடியாது. கல்லாவில் போன காசை அந்தக் கடைக்காரர் மறுவாரமே சம்பாதித்துவிட்டார். அந்தப் பையன் யாருடைய பிள்ளையோ, அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். இதெல்லாம் வாதமா என்று எதிரணி கேட்கும். வாதம் இல்லைதான்.

நடுவர் அவர்களே, நீங்கள் இரண்டாவது முறையும் மணியடித்துவிட்டீர்கள். அடுத்து எதிரணி அக்கா வருகிறார், டென்வர் ஆட்டக்காரருக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று நானும் ஆவலாகத்தான் இருக்கிறேன். தீர்ப்பு எழுதும்போது அந்தத் திருநெல்வேலி அம்மா பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.