பரண்மேல் கிடக்கும் கணினியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

(நிரலாளர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. மேடையில் விழுங்கிய சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன். சுரைக்காயை மட்டும் எத்தனை முறை சொன்னேனோ அத்தனை முறையும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் சொல்ல நினைத்த நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் துணைத்தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே! பொருளாளரைச் சென்ற ஆண்டு விளிக்க மறந்துவிட்டேன். அதற்கும் என் பயணப்படி எட்டு மாதம் தாமதமானதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். நம்புகிறேன். முன்வரிசையில் என் பேராசிரியை அம்மையார் அமர்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் ஒரு கட்டமும் ஓர் அம்புக்குறியும் போட்டு, "இதுதான் பாயின்டர், இதற்குமேல் ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொடுத்தவர்கள். அம்மா, இதற்குமேல் நிறைய இருந்தது. ஆனாலும் உங்களுக்கு என் முதல் வணக்கம். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் வணக்கம். அவர் மனம் வைத்தால்தான் என் குரல் பின்வரிசைக்குப் போகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "பல தளங்களில் ஓடும் சி ரன்டைம் லைப்ரரியைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்". லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைத்து வந்த பெரியவர்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துகொண்டேன். அவர்களும் இருக்கலாம், கதை உண்டு.

ஐந்து விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, எண்களின் அளவு. இரண்டு, பைட்டுகளின் வரிசை. மூன்று, நினைவகத்தில் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு. நான்கு, எழுத்துக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டா இல்லையா என்ற வழக்கு. ஐந்து, பதிப்புகளின் சண்டை. நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதில்தான் நான் அடி வாங்கினேன்.

நீங்கள் எழுதும் நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிறார். திரையில் எழுதச் சொன்னால் பிரின்ட்எஃப், நினைவகம் கேட்டால் மாலாக், கோப்பைத் திறக்கச் சொன்னால் எஃப்ஓப்பன். அந்த ஆள்தான் ரன்டைம் லைப்ரரி. லினக்ஸில் பெரும்பாலும் ஜிலிப்சி. அல்பைன் லினக்ஸில் மசல். ஆண்ட்ராய்டில் பயோனிக். சின்னஞ்சிறு கருவிகளில் நியூலிப். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு. பெயரெல்லாம் ஒன்றுதான், எங்கே போனாலும் மாலாக் மாலாக்தான். குணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பூஜ்யம் பைட் கொடு என்று மாலாக்கிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் வெறுங்கையைக் காட்டுவார், இன்னொருவர் ஒரு முகவரியைக் கொடுத்து "இதைத் தொடாதே" என்பார். இரண்டும் சட்டப்படி சரி.

சட்டம் என்றேன். சி மொழிக்கு 1989-இல் அமெரிக்காவில் தரநிலை வந்தது, 1990-இல் உலகத் தரநிலை ஆனது. பிறகு 99, 11, 17, 23 என்று திருத்தம் திருத்தமாக வந்துகொண்டிருக்கிறது. நான் அந்த ஏட்டை மதிக்கிறவன். வரி வரியாகப் படித்தவன். ஆனால் அதில் பல இடங்களில் "இது அந்தந்தத் தளத்தின் விருப்பம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விருப்பம் என்று அவர்கள் விட்ட இடத்தில்தான் நமக்கு இராத்திரித் தூக்கம் போகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

இப்போது கதை. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அங்கே எங்கள் லைப்ரரியில் ஒரு சின்ன ஃபங்ஷன். ஒரு கோப்பை எழுத்து எழுத்தாகப் படித்து இன்னொரு கோப்பில் எழுதும், அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு புகார் கிடையாது. எழுதியவர் பதவி உயர்வு பெற்று மேலே போய்விட்டார். அதே லைப்ரரியை, கைப்பேசிகளில் இருக்கும் வகையான ஏஆர்எம் சிப் வைத்த ஒரு கருவிக்குக் கொண்டுபோனோம். கம்பைல் ஆனது, அதாவது அந்தச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாறியது. ஓடியது. கைதட்டினோம். அனுப்பினோம்.

நான்காம் நாள் வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி. "உங்கள் கருவி காலையில் வேலை செய்கிறது, பத்து மணிக்குச் செத்துவிடுகிறது." மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்று பார்த்துச் சொன்னார்கள். சரி, கார்டில் கோளாறு என்று வேறு கார்டு போட்டோம். அதுவும் நிரம்பியது. பெரிய கார்டு போட்டோம். பத்து மணிக்குப் பதில் மதியம் செத்தது. இதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதிய மேலாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். வன்பொருள்காரர்கள் எங்களைக் கைகாட்ட, நாங்கள் அவர்களைக் கைகாட்ட, நடுவில் மூன்று கூட்டம், மூன்றிலும் மின்சாரத்தின் மேல் பழி.

கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். நிரம்பிய கோப்பைத் திறந்து பார்த்தார். முதல் சில பக்கம் ஒழுங்கான எழுத்து. அதற்குப் பிறகு ஒரே எழுத்து, ஆங்கில ஒய் தலையில் இரண்டு புள்ளி வைத்த மாதிரி, பக்கம் பக்கமாக, கோடிக்கணக்கில். "சார், இது 255" என்றார்.

அவையோரே, இந்த இடத்தைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். கெட்சி என்ற ஃபங்ஷன் கோப்பிலிருந்து ஒரு பைட்டை எடுத்துத் தரும். பைட் என்றால் 0 முதல் 255 வரை, 256 வகை. கோப்பு முடிந்துவிட்டால் இஓஎஃப் என்று ஓர் எதிர்மறை எண்ணைத் தரும், நடைமுறையில் -1. ஆக மொத்தம் 257 பேர் வரலாம். எங்கள் புண்ணியவான் அதை வாங்கிப் போட்டது, ஓர் எழுத்து வைக்கும் 'சார்' என்ற ஒரு பைட் பெட்டியில். அதில் இருப்பது 256 நாற்காலி. ஒருவர் இன்னொருவர் மடியில்தான் உட்கார வேண்டும்!

பழைய கணினியில் சாருக்குக் குறி உண்டு, -128 முதல் 127 வரை. அதனால் -1 போட்டால் -1 ஆகவே இருந்தது, லூப் நின்றது. ஏஆர்எம் லினக்ஸில் சாருக்குக் குறி கிடையாது. -1 உள்ளே போனால் 255 ஆகிவிடும். 255-ஐயும் -1-ஐயும் ஒப்பிட்டால் என்றைக்குச் சமமாகும்? கோப்பு முடிந்த பிறகும் அது பாட்டுக்கு 255, 255, 255 என்று எழுதிக்கொண்டே இருந்தது. இரண்டில் எது சரி என்று தரநிலையில் தேடினால், இரண்டும் சரி. தளத்தின் விருப்பம்.

கதை முடியவில்லை. சாருக்குக் குறி உண்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்ல ஜிசிசி கம்பைலரில் ஒரு விசை இருக்கிறது. ஒருவர் அதைப் போட்டார். நின்றது. மறுபடி கைதட்டினோம். மூன்றாம் வாரம் வேறொரு வாடிக்கையாளர், "உங்கள் கருவி என் கோப்பைப் பாதியில் வெட்டிவிடுகிறது" என்றார். பார்த்தால், அவர் கோப்பின் நடுவே நிஜமாகவே ஒரு 255 இருந்தது. அது -1 ஆகி, முடிந்துவிட்டது என்று எங்கள் நிரல் கடையைச் சாத்திவிட்டது. அதாவது, இந்தக் கோளாறு பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழைய கணினியிலும் இருந்திருக்கிறது! 255 உள்ள கோப்பை யாரும் தரவில்லை, அல்லது தந்தவர் தன் கோப்பின் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு போய்விட்டார். வைத்தியம் என்ன? சார் என்ற சொல்லை அழித்து, அதைவிடப் பெரிய பெட்டியான இன்ட் என்று எழுதினோம். ஆறு வாரத்துக்கு ஒரு சொல்.

கம்பைலர் எச்சரிக்கவில்லையா என்று அம்மையார் கண்ணாலேயே கேட்கிறார்கள். ஏஆர்எம்முக்குக் கம்பைல் செய்யும்போது, "இந்த ஒப்பீடு எப்போதுமே உண்மை" என்று எச்சரிக்கும் விசை உண்டு அம்மா. எச்சரிக்கைகள் அதிகமாக வருகின்றன என்று யாரோ எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தார்கள். யார் என்று இந்த மேடையில் சொல்லமாட்டேன். அவர் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.

இது ஏதோ ஐரோப்பிய எழுத்தின் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் 'அ', எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: 224, 174, 133. குறியுள்ள சாரில் போட்டால் -32, -82, -123. தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 127-க்கு மேல்தான், ஆகவே ஒவ்வொன்றும் எதிர்மறை. இதை அப்படியே இஸ்ஆல்ஃபாவிடம் கொடுத்து "இது எழுத்தா?" என்று கேட்டால், அது -32-ஆவது அறையில் போய்த் தேடும். ஜிலிப்சிக்காரர்கள் இரக்கப்பட்டு -128 வரை அட்டவணை கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் விழாது. விண்டோஸில் பிழை தேடுவதற்கென்று இருக்கும் டீபக் லைப்ரரி, -1 முதல் 255 வரைதான் வாங்குவேன் என்று பெட்டி போட்டு நிறுத்திவிடும். "அம்மா" என்று தட்டினால் விழும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் அன்சைன்டு சாராக, அதாவது குறியில்லாத சாராக, மாற்றிக் கொடுங்கள், தீர்ந்தது. எழுதியவருக்கு இது தெரியாமலில்லை, படித்திருந்தார். அவர் கணினியில் விழவில்லை, அதனால் உறைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

இங்கேதான் என் கோரிக்கை. இதற்காகத்தான் நான் எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் ஒப்புக்கொண்டு வருகிறேன் என்பது செயலாளருக்குத் தெரியும். வீட்டில், அலுவலகத்தில், பரண்மேல் கிடக்கும் விநோதமான பழைய கணினிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவைதான் நமக்குப் பரிசோதனைச் சாலை. ஸ்பார்க் என்ற சிப் வைத்த பழைய கணினி ஒன்று இருந்தால், நான்கு பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து படிக்கப்போனால் "பஸ் எரர்" என்று அந்த இடத்திலேயே விழும். உங்கள் மடிக்கணினி அதே தவற்றைச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்கிறவரிடம் பிழை கண்டுபிடிக்க முடியாது. கோபக்காரர் ஒருவர் வீட்டில் வேண்டும்.

இது என் பைத்தியம் மட்டுமல்ல. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள் இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். பல வகைச் சிப்களின் நிஜ இயந்திரங்களைப் பூட்டி வைத்து, அந்தந்த இயந்திரத்திலேயே கம்பைல் செய்கிறார்கள். ஒன்றில் ஒளிந்த பிழை இன்னொன்றில் மாட்டும் என்பது அவர்கள் வாதம். 2014 தொடக்கத்தில் அந்த இயந்திரங்களுக்கு மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் பொதுவில் கையேந்தினார்கள். நன்கொடை வந்து பிழைத்தார்கள்.

"வேறொரு சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள், எமுலேட்டர் இருக்கிறதே, எதற்கு இரும்பு?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். இன்றும் வந்திருக்கிறார், வரவேற்கிறேன். பைட் வரிசைப் பிழைக்கு எமுலேட்டர் போதும் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் ஒரே நினைவகத்தில் எழுதும்போது, எழுதியதில் எது முதலில் அடுத்தவர் கண்ணில் படும் என்பதில், இன்டெல், ஏஎம்டி சிப் வைத்த உங்கள் எக்ஸ்86 கணினி கண்டிப்பானது, ஏஆர்எம் தாராளம். எக்ஸ்86 மேல் ஓடும் எமுலேட்டருக்கு அடியில் இருப்பது கண்டிப்பான சிப்தானே? தாராளத்தால் வரும் பிழை அங்கே வெளியே தலைகாட்டாமலே போகலாம். எமுலேட்டரும் ஓர் ஏடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

பதிப்புச் சண்டைக்கு வருகிறேன், தலைவர் கடிகாரத்தைத் திருப்புவதற்குள். மெம்சிபிஒய் என்று ஒன்று, நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும். இரண்டு இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது, படிந்தால் மெம்மூவ் பயன்படுத்து என்று ஏட்டில் தெளிவாக இருக்கிறது. 2010-இல் ஜிலிப்சியில் மெம்சிபிஒய்யை வேகமாக்கினார்கள், சில சிப்களில் பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில், இணையத்தில் காணொலி ஓட்டும் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்தது. அதற்குள்ளே படிந்த இடத்துக்கு மெம்சிபிஒய் போட்டிருந்தார்கள். லைப்ரரிக்காரர் மேல் சட்டப்படி குற்றமில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வந்து, பயனாளிக்கு முன்பு வேலை செய்தது இப்போது செய்யவில்லை, அதற்குப் பதில் சொல்லுங்கள் என்ற பக்கம் நின்றார். நானும் அந்தப் பக்கம்தான். ஜிலிப்சி 2.14-இல் மெம்சிபிஒய்க்குப் புதுப் பதிப்பு எண் கொடுத்து, பழைய நிரல்களுக்குப் பழைய குணத்தையே காட்டினார்கள்.

அதன் பக்கவிளைவை உங்களில் பாதிப்பேர் பட்டிருப்பீர்கள். புதுக் கணினியில் கட்டிய நிரலைப் பழைய கணினியில் ஓட்டினால், "ஜிலிப்சி 2.14 கிடைக்கவில்லை" என்று கதவைச் சாத்தும். மருந்து எளிது. நீங்கள் ஆதரிக்கும் தளங்களில் எது மிகப் பழையதோ அதில் உட்கார்ந்து கட்டுங்கள். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. இதற்கும் என்ன வேண்டும்? பழைய இயந்திரம்! நான் எங்கே சுற்றினாலும் இங்கேதான் வருவேன் என்று துணைத்தலைவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

முதல் மூன்று விஷயத்துக்கு நேரமில்லை. லாங் என்ற எண் 64-பிட் லினக்ஸில் எட்டு பைட், 64-பிட் விண்டோஸில் நான்கு பைட் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மீதியை அடிபட்டுத் தெரிந்துகொள்வீர்கள். 32-பிட்டில் நேரம் எண்ணும் கருவிகள் 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07 தாண்டியதும் எண்ண இடமில்லாமல் போகும். மசல் 2020-லேயே 32-பிட் தளங்களிலும் நேரத்தை 64 பிட்டாக்கிவிட்டது. அதை இன்னொரு விழாவில் பேசுகிறேன், அழைத்தால்.

வாசலில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். உங்களிடம் கிடக்கும் இயந்திரத்தின் பெயர், சிப், கடைசியாக எப்போது உயிரோடு இருந்தது, மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பவர்பிசி சிப் வைத்த கணினி இருந்தால் பேராசையோடு வாங்கிக்கொள்வேன். ஸ்பார்க் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போகவேண்டாம். கொடுப்பவர்கள் பவர் கார்டையும் சேர்த்துக் கொடுங்கள். சென்ற ஆண்டு வந்த நான்கு இயந்திரத்தில் மூன்றுக்கு அது இல்லாமல், பொருளாளரிடம் போய் நின்றேன். அந்தப் பயணப்படி விவகாரம் அங்கேதான் தொடங்கியது. நன்றி, வணக்கம்.