ஏபி என்றாலும் பிஏ என்றாலும்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், ஆறாம் வகுப்பு வடிவியலின் முதல் பாடம்தான் மனசில் வந்து நின்றது. கோட்டுக்குப் பெயர் வைப்பது. பலகையில் ஒரு கோடு இழுப்போம், அதன் மேல் ரெண்டு புள்ளி வைப்போம், ஏ, பி என்று எழுதுவோம். மணி அடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். மறுநாள் முக்கோணத்துக்குப் போய்விடுவோம். அந்த அவசரம் தப்பு என்று எனக்குக் காட்டியது ஒரு சின்னப் பெண்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பரிட்சையில் ஒரு கோட்டைப் போட்டு அதன் பெயரைக் கேட்டிருந்தேன். விடைக்குறிப்பில் ஏபி. அந்தப் பெண் எழுதியிருந்தது பிஏ. சிவப்பு மையில் அடித்துவிட்டேன். கைலி நெய்கிற வீட்டுப் பிள்ளை அவள். தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். "சார், எங்க தெருவுல பாவு நீட்டும்போது அந்த முனையில அப்பா நிப்பாரு, இந்த முனையில தாத்தா நிப்பாரு. அப்பா கிட்டேர்ந்து பாத்தாலும் தாத்தா கிட்டேர்ந்து பாத்தாலும் அது ஒரே பாவுதானே சார்?" என்றாள்.

பாவு என்றால் தறிக்காக நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அவள் கேட்டது என்னை விடவில்லை. பெயரில் எழுத்துகளின் வரிசை எப்போது முக்கியம், எப்போது முக்கியமில்லை? அதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

முதலில், ஏன் ரெண்டு எழுத்து? தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியாக எத்தனை கோடு போடலாம்? கணக்கே கிடையாது, எல்லாத் திசையிலும் போட்டுக்கொண்டே இருக்கலாம். இப்போது இன்னொரு புள்ளி வையுங்கள். ரெண்டு புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகிற நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். சுமார் 2300 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியலைக் கட்டத் தொடங்கியதே ரெண்டு புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கலாம் என்பதிலிருந்துதான். ஆகவே ஏபி என்பது வெறும் அடையாளச் சீட்டு இல்லை. 'ஏ வழியாகவும் பி வழியாகவும் போகிற ஒரே கோடு' என்கிற முழு வாக்கியம் அந்த ரெண்டு எழுத்துக்குள் இருக்கிறது. ஒரு எழுத்து குறைந்தால் எந்தக் கோடு என்றே தெரியாது. மூன்றாவது எழுத்துக்கு வேலை இல்லை.

நம் ஊர் ரயில் பாதையை வைத்துச் சொல்கிறேன். தண்டவாளம் வளையும், ஓரிடத்தில் முடியும். கணக்கில் வருகிற கோடு வளையாது, ரெண்டு பக்கமும் முடியவே முடியாது. அந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும்போது வாலாஜா ரோடு, அப்புறம் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர். இந்த நாலையும் ஒரே கோட்டில் இருக்கிற நாலு புள்ளிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். 'வாலாஜா ஆம்பூர் கோடு' என்று சொல்லலாம். 'குடியாத்தம் காட்பாடி கோடு' என்றும் சொல்லலாம். நாலில் எந்த ரெண்டை எடுத்தாலும், முன்பின்னாக மாற்றினாலும் சரிதான். எண்ணிப் பார்த்தால் 12 பெயர் வருகிறது. கோடு ஒன்றுதான். பன்னிரண்டு பெயரா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒரே ஆளை ஒருத்தர் மாமா என்கிறார், ஒருத்தர் சித்தப்பா என்கிறார், இன்னொருத்தர் அண்ணா என்கிறார், ஆள் மாறிவிட்டாரா என்று கேட்பேன்.

கோட்டுத்துண்டு, அதாவது ரெண்டு முனையிலும் முடிந்துவிடுகிற துண்டு, அப்படி இல்லை. காட்பாடியில் ஏறி ஆம்பூரில் இறங்குகிறீர்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் காட்பாடி ஆம்பூர், அல்லது ஆம்பூர் காட்பாடி. திருப்பிச் சொன்னால் குற்றமில்லை, தூரம் அதேதான். ஆனால் நடுவில் இருக்கிற குடியாத்தத்தைப் பெயரில் கொண்டுவந்தால் துண்டே மாறிவிடும். முனைப் புள்ளிகளுக்கு மட்டும்தான் அங்கே உரிமை. அந்தப் பெண் சொன்ன பாவும் உண்மையில் ஒரு கோட்டுத்துண்டுதான். அவள் நியாயம் ரெண்டுக்கும் பொருந்தியது.

கதிருக்கு வரும்போதுதான் வரிசை பேச ஆரம்பிக்கிறது. காட்பாடியில் நின்றுகொண்டு குடியாத்தம் பக்கம் முகத்தைத் திருப்புங்கள். அங்கிருந்து கிளம்பி முடிவில்லாமல் போகிற கதிருக்குக் காட்பாடி குடியாத்தம் என்று பெயர். காட்பாடி ஆம்பூர் என்றாலும் அதே கதிர்தான், ஏனென்றால் ரெண்டு ஊரும் ஒரே பக்கம். திருப்பி, குடியாத்தம் காட்பாடி என்று எழுதிப் பாருங்கள். இப்போது குடியாத்தத்தில் கிளம்பி, காட்பாடியைத் தாண்டி, வாலாஜாவையும் தாண்டிச் சென்னைப் பக்கம் ஓடுகிறீர்கள். கதிரில் முதல் எழுத்து கிளம்புகிற இடம். அதை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை. அந்தப் பெண் கதிருக்குப் பிஏ என்று எழுதியிருந்தால் நான் அடித்தது சரியாக இருந்திருக்கும்.

எழுத்துகளின் தலையில் போடுகிற குறியைப் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ரெண்டு பக்கமும் அம்பு என்றால் கோடு. ஒரு பக்கம் அம்பு என்றால் கதிர். அம்பில்லாத சின்னக் கோடு என்றால் கோட்டுத்துண்டு. மேலே ஒன்றுமே இல்லாமல் ஏபி என்று எழுதினால் அது நீளம், வெறும் எண். பெற்றோர்கள் நோட்டைப் பார்க்கும்போது இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

விவசாயிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இது உங்கள் விஷயமும்தான். சர்வே புலப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூலைக்கு மூலை கல், கல்லுக்கு ஒரு எழுத்து. ரெண்டு கல்லுக்கு நடுவில் இருப்பதுதான் உங்கள் எல்லை. வரப்பு கரையும், நகரும், பக்கத்து ஏர் கொஞ்சம் தின்னும். கல் ரெண்டும் நின்றால் எல்லை நிற்கும். ஒரு கல் போனாலும், நான் முன்னே சொன்ன ஒற்றைப் புள்ளியின் கதைதான். மிச்சமிருக்கிற கல்லிலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கயிறு பிடிக்கலாம், ஆளாளுக்கு ஒரு கோடு சொல்லலாம்.

எங்கள் நிலத்தில் அது நடந்தது. பாலாற்றுக்கு வடகரையில் அப்பா விட்டுப்போன நிலம். மேற்கு மூலைக் கல்லைக் காணோம். ரெண்டு வருஷம் பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் சர்வேயர் வந்தார். புலப்படத்தை வரப்பின் மேல் விரித்து, நின்றுகொண்டிருந்த மற்ற கற்களிலிருந்து சங்கிலி பிடித்தார். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நேராகப் பார்த்து, குறுக்கே அளந்து, ஓரிடத்தில் குச்சியை நட்டு, "இங்க தோண்டுங்க" என்றார். பங்காளியின் மகன்தான் கடப்பாரையைப் போட்டான். முழ ஆழத்தில் ணங்கென்று சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், பழைய கல் சாய்ந்து கிடந்தது.