ஆற்று மீனை எண்ணுவது எப்படி: தலவாக்கலையில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். நம் கொத்மலை ஓயா ஆற்றில் முன்புபோல மீன் இல்லை என்று தேயிலைத் தோட்ட லயத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன். ஆனால் எந்த மீன், எந்த இடத்தில், எவ்வளவு குறைந்தது என்று யாராவது கேட்டால் காட்ட நம் கையில் ஒரு தாள்கூட இல்லையே. மேல் கொத்மலை அணையில் 2012இல் மின்னுற்பத்தி தொடங்கியது, தண்ணீர் சுரங்கத்துக்குள் திரும்பியது, அதற்கு முன்னால் நாமே எண்ணி வைத்திருந்தால் இன்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். சரி, இனியாவது எண்ணுவோம்.

மீன் பிடிப்பது வேறு, எண்ணுவது வேறு. கறிக்குப் பிடிப்பவர் மீன் கிடைக்கும் மடுவுக்கு நேரே போவார். நாம் கிடைக்காத இடத்திலும் வலை வீச வேண்டும், கல் பாண்டியா மீன் பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் நுரைத்து ஓடும் இடத்தில்தான் இருக்கும், மடுவில் மட்டும் தேடினால் அது இந்த ஆற்றிலேயே இல்லை என்று எழுதிவிடுவோம். ஆகவே 100 மீட்டர் துண்டாக ஆற்றை அளந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரே வலைக்கண் அளவுள்ள வலையால் 20 வீச்சு, அடுத்த வருசமும் அதே இடம், அதே மாதம், அதே 20 வீச்சு. ஒன்றும் விழவில்லையா, பூச்சியம் என்று எழுதுங்கள். எனக்கு அந்தப் பூச்சியம்தான் மிகவும் பெறுமதியானது, ஏனென்றால் அதை எழுத யாருக்கும் மனம் வருவதில்லை.

மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு வழி உண்டு. 40 மீனின் துடுப்பு ஓரத்தில் மிகச் சிறிதாக வெட்டி அடையாளமிட்டு விடுகிறோம், சில நாள் கழித்து 50 பிடிக்கும்போது அதில் 10 அடையாளத்தோடு இருந்தால், ஐந்தில் ஒன்று நம்முடையது, அப்படியானால் நாம் அடையாளமிட்ட 40 மொத்தத்தில் ஐந்தில் ஒன்று, அந்தத் துண்டில் ஏறத்தாழ 200 மீன். இடையில் வெள்ளம் வந்து மீன் இடம் மாறினால் இந்தக் கணக்கு செல்லாது, அதனால்தான் மே மாதத் தென்மேற்கு மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்கிறேன்.

கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். அளந்து, படம் எடுத்து, உடனே விட்டுவிடுங்கள். பெயர் எழுதும்போது தோட்டத்தில் சொல்லும் பெயரையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெயரையும் எழுதுங்கள், நம் ஆறு போய்ச் சேரும் மகாவலிக்கே உரிய கடையா மீனை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள், பெயர்தான் ஆளுக்கொன்று. ட்ரவுட் விழுந்தால் தனிப்பக்கத்தில் போடுங்கள், அது வெள்ளைக்காரத் துரைமார் 1880களிலிருந்து கொண்டுவந்து விட்டது, நம் ஆற்று மீன் இல்லை.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு வலையும் தண்ணீரில் படக்கூடாது. விண்ணப்பம் என் கையில் இருக்கிறது, ஜனவரியில் தண்ணீர் இறங்கும்போது வரக்கூடியவர்கள் போகும் முன் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள், நீந்தத் தெரியுமா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.