மன்னிக்கப்படாத பாவம்: யாருக்குச் சொன்ன சொல்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் பல வருடங்கள் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன். மெதடிஸ்த சபையில் அவ்வப்போது பிரசங்கமும் செய்வேன், ஆனால் போதகர் அல்ல. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போதகரிடமோ பாதரிடமோ கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைச் சனங்கள் என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்பார்கள். சந்தையில் கேட்பார்கள், செத்த வீட்டில் கேட்பார்கள். கொஞ்சம் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "சேர், மன்னிப்பே கிடைக்காத பாவம் என்று ஒன்று வேதத்தில் இருக்கிறதாமே, அது என்ன?" என்பார்கள். பொது அறிவுக்காக இதை யாரும் கேட்பதில்லை. தான் அதைச் செய்துவிட்டோமோ என்ற பயம் உள்ளே இருக்கும்.

திருகோணமலையில் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாம் நடைதூரத்துக்குள் இருக்கின்றன. இந்த உரையைக் கேட்கிறவர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருக்கமாட்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் ஏன் திடீரென்று ஆலயத்துக்குப் போவதை விட்டுவிட்டார் என்று நீங்கள் யோசித்திருந்தால், அதற்குக் காரணம் இந்த ஒரு வசனமாகவும் இருக்கலாம்.

வசனம் மாற்கு சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. மத்தேயு 12இலும் லூக்கா 12இலும் உண்டு. பரிசுத்த ஆவிக்கு, அதாவது கடவுளின் ஆவிக்கு, விரோதமாகத் தூஷணம் சொல்கிறவனுக்கு ஒருபோதும் மன்னிப்பில்லை என்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்து வாசித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இதற்கு முந்திய வரியில் இயேசு வேறொன்று சொல்கிறார். மனுஷர் செய்யும் எல்லாப் பாவங்களும், அவர்கள் சொல்லும் எல்லாத் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்கிறார். கொலை, விபசாரம், களவு, பொய் என்று எதையும் அவர் ஒதுக்கி வைக்கவில்லை. அந்தப் பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் விலக்கைச் சொல்கிறார். நம் ஆட்கள் முதல் வரியை மறந்து இரண்டாவதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த விலக்கை யாரிடம் சொன்னார்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மத்தேயு சொல்கிறபடி, குருடும் ஊமையுமாக இருந்த ஒருவனை இயேசு குணமாக்கியிருந்தார். அவன் பேசுகிறான், பார்க்கிறான். ஊர்ச் சனம் அதிசயப்பட்டு நிற்கிறது. அப்போது எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார் மாற்கு. இவனுக்குள் இருப்பது பெயெல்செபூல். பிசாசுகளின் தலைவனைக் கொண்டுதான் இவன் பிசாசுகளைத் துரத்துகிறான். இதுதான் அவர்களுடைய தீர்ப்பு. இவர்கள் தெருவில் நின்று வம்பு பேசியவர்கள் அல்லர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். தலைநகரத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள். சனங்கள் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு மனுஷனுக்கு நன்மை நடந்திருப்பதை அவர்களாலும் மறுக்க முடியவில்லை. அதை நன்மை என்று ஒத்துக்கொண்டால் தங்கள் இடம் போய்விடும். அதனால் அந்த நன்மைக்குச் சாத்தானின் பெயரை வைத்தார்கள்.

அப்படியானால் சாத்தானே சாத்தானைத் துரத்துகிறானா, தனக்குள்ளே பிரிந்த வீடு நிலைக்குமா என்று இயேசு கேட்கிறார். அதன் பிறகுதான் அந்த எச்சரிக்கை வருகிறது. இவர் ஏன் இப்படிச் சொன்னார் என்று யாரும் தலையைச் சொறியக்கூடாது என்று மாற்கு நினைத்திருக்க வேண்டும். 30ஆம் வசனத்தில் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். இவருக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்று அவர்கள் சொன்னபடியால் இப்படிச் சொன்னாராம்.

அதே அதிகாரத்தில் இன்னொரு கூட்டமும் இயேசுவைப் பிழையாகப் பேசுகிறது. அது யார் தெரியுமா? அவருடைய சொந்தக்காரர். இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். தேவகுமாரனைப் பைத்தியம் என்பது சின்னப் பேச்சா? ஆனால் அவர்களுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அவர்கள் பயந்தார்கள், விளங்காமல் பேசினார்கள். விளங்காமல் பேசியவர்களையும், விளங்கியும் மாற்றிச் சொன்னவர்களையும் மாற்கு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார். பிரசங்கங்களில் இந்த இடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

பரிசுத்த ஆவியை எதிர்த்தவர்கள் எல்லோரும் அதோடு தொலைந்தார்கள் என்றும் வேதம் சொல்லவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபையின் ஸ்தேவான், யூத ஆலோசனைச் சங்கத்தாரைப் பார்த்து, நீங்கள் எப்போதும் பரிசுத்த ஆவிக்கு எதிர்த்து நிற்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அவரைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். கல்லெறிந்தவர்களின் உடுப்புகள் ஒரு வாலிபனின் காலடியில் வைக்கப்பட்டிருந்தன. அவன் பெயர் சவுல். அந்தச் சவுல்தான் பின்னால் அப்போஸ்தலரான பவுல். தான் முன்பு தூஷிக்கிறவனாயிருந்தேன் என்றும், அறியாமல் செய்தபடியால் இரக்கம் பெற்றேன் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவர்தான்.

ஆனாலும் சபையை இந்தக் கேள்வி லேசில் விடவில்லை. கி.பி. 250இல் ரோமச் சக்கரவர்த்தி தேசியுஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டான். செலுத்தியவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. பாஸ் இல்லாமல் ஊரை விட்டு நகர முடியாத காலத்தைப் பார்த்த நமக்கு, ஒரு துண்டுக் கடதாசிக்கு உயிரின் விலை இருக்கலாம் என்பது விளங்கும். எத்தனையோ கிறிஸ்தவர்கள் பலி செலுத்தினார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். கலவரம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு சபையின் வாசலுக்கு வந்தார்கள். இவர்களைச் சேர்ப்பதா விடுவதா?

ரோமாபுரியில் நொவாத்தியன் என்ற மூப்பர் சேர்க்கவே கூடாது என்றார். கிறிஸ்துவை மறுதலித்தவனை மன்னிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்பது அவர் பிடிவாதம். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான், தகுந்த மனவருத்தமும் தவமும் இருந்தால் சேர்க்கலாம் என்ற பக்கம் நின்றார். பெரும்பான்மைச் சபை சிப்பிரியான் பக்கமே போனது. நொவாத்தியன் கூட்டம் தனியே பிரிந்தது. 325இல் ஆயர்களின் நிசேயாச் சங்கம் கூடியபோதும், அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பி வருகிறவர்களை எப்படிச் சேர்ப்பது என்று 8ஆவது விதியை எழுத வேண்டியிருந்தது. மறுதலித்தவர்களைச் சேர்க்கமாட்டோம் என்றவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு விதி! அப்புறம் பேதுரு இருக்கிறாரே. சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை மறுதலித்தவரைத்தான் சபை முதல் அப்போஸ்தலர் என்கிறது.

வேதத்தில் இதைவிடப் பெரிய, கடினமான கேள்வி இல்லையென்றே சொல்லலாம் என்று பிரசங்கித்தவர் பரிசுத்த அகுஸ்தீன். அவர் கண்ட விடை இது. கடைசி மூச்சு வரைக்கும் மனந்திரும்ப மறுத்து, மன்னிப்பையே வேண்டாம் என்று தள்ளும் கல்நெஞ்சுதான் அந்தப் பாவம். ஆகவே உயிரோடு இருக்கும் எவரையும் பார்த்து, நீ அதைச் செய்துவிட்டாய் என்று யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்க சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கடவுளின் இரக்கத்துக்கு எல்லையில்லை, அதை ஏற்க வேண்டுமென்றே மறுக்கிறவர் மன்னிப்பையும் சேர்த்துத்தான் மறுக்கிறார் என்பது அதன் சாரம். மத்திய காலத்தில் தோமா அக்குவினா போன்றவர்கள் பரிசுத்த ஆவிக்கு எதிரான பாவங்கள் ஆறு என்று வகை பிரித்தார்கள். கடவுள் என்னை மன்னிக்கவே மாட்டார் என்ற அவநம்பிக்கையும், எப்படியும் மன்னிப்பார்தானே என்ற அசட்டுத் துணிவும் அந்த ஒரே பட்டியலில் இருக்கின்றன.

அகுஸ்தீனின் விடை ஆறுதலானது. நானும் பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது மாற்குவின் காட்சியைக் கொஞ்சம் மங்கவைத்து விடுகிறது என்று எனக்குத் தோன்றும். மரணப் படுக்கையைப் பற்றி இயேசு அங்கே பேசவில்லை. மதத்தின் பெயரால் நன்மையைத் தீமை என்று சொன்னவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பயந்தவர்களின் கதைக்கு வருவோம். நம் கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான நூலை எழுதியவர் ஜான் பனியன் என்ற ஆங்கிலேயப் போதகர். வாலிபத்தில் அவர் மனதுக்குள் ஒரு குரல், "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று விடாமல் அரித்துக்கொண்டே இருந்ததாம். மாட்டேன் மாட்டேன் என்று போராடிக் களைத்து, ஒரு நாள், "அவருக்கு விருப்பமானால் போகட்டும்" என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று நெடுங்காலம் நடுங்கினார். வயதில் மூத்த ஒரு விசுவாசியிடம் போய், அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேன் என்று பயமாயிருக்கிறது என்றார். அந்தப் பெரியவர், "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்! 1666இல் வெளிவந்த தன் சரிதையில் பனியனே இதை எழுதியிருக்கிறார். ஆலோசனை சொல்லப் புறப்படும் எல்லோரும் முதலில் படிக்க வேண்டிய இடம் அது.

பனியனுக்கு வந்தது போன்ற நினைப்புகள் இன்றும் எத்தனையோ பேருக்கு வருகின்றன. ஜெபிக்கக் கண்ணை மூடினால் அசிங்கமான சொல் வரும். நற்கருணை வாங்கும் நேரத்தில் சாபம் வரும். வேண்டாம் என்று தள்ளத் தள்ள இன்னும் கூடும். இது மனதின் ஒரு வருத்தம். வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த வருத்தம். கேட்காமல் வந்து, வந்ததற்காக நீங்கள் அழுகிற ஒரு நினைப்பை உங்கள் தூஷணம் என்று எந்த நியாயத்தில் சொல்வது? எருசலேமிலிருந்து வந்த அந்த வேதபாரகரில் ஒருவராவது பயந்து தூக்கமில்லாமல் இருந்ததாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம் வேறு. இந்த வசனத்தைக் கேடயமாகப் பிடிக்கும் ஊழியக்காரர்கள் இருக்கிறார்கள். மேடையில் நடப்பது ஆவியானவரின் வேலை, அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் மன்னிப்பே கிடையாது என்பார்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டாலும் அதே பாவம். சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மருந்தை நிறுத்தாதே அம்மா என்று மகள் சொன்னாலும் அதே பாவம். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் எழுதியிருக்கிறார். முதல் பாதியைக் கூட்டத்தில் வாசிக்கிறவர்கள் மற்றப் பாதியையும் வாசிக்கட்டும். வேத அறிவும் அதிகாரமும் கையில் இருந்தவர்களை எச்சரித்த சொல்லை எடுத்து, அவை இரண்டும் இல்லாத சனத்தை மிரட்டுவது எனக்குச் சகிக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும், அதைச் சொல்லாமல் விட முடியாது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளைக்கு, கணவனுக்கு மன்னிப்பு உண்டா? மன்னிப்பில்லாத பாவம் அதுதான் என்று நம்பும் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. மாற்கு 3இல் அப்படி ஒரு வரியும் இல்லை. சபைகளே இந்த எண்ணத்தை வளர்த்தன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுத்தது. கத்தோலிக்கரின் 1917ஆம் ஆண்டுச் சட்டமும், தெரிந்தே அப்படிச் செய்தவர்களுக்கு மறுத்தது. அதனால் எத்தனையோ தாய்மார் பிள்ளையைச் சேமக்காலைக்கு வெளியே புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். 1983இல் வந்த புதிய கத்தோலிக்கச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. நான் முன்பு சொன்ன 1992ஆம் ஆண்டு நூல், தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், கடும் வேதனையும் பயமும் மனநோயும் அவர்களுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. ஆகவே யாராவது ஒரு பூசைக்கோ ஜெபத்துக்கோ கேட்கத் தயங்கி இவ்வளவு காலமும் சும்மா இருந்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். யுத்தத்தில் போனவர்களுக்கும் சுனாமியில் போனவர்களுக்கும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்தானே, இவர்களுடைய பெயரையும் சொல்லுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது இப்போது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், அல்லது அந்தக் கெட்ட நினைப்புகள் தூங்கவிடாமல் அரித்தால், நம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம், அதில் பேசலாம். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவும் வைத்தியர்தான் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வணக்கம்.